பேய்ப்படம் பார்க்கலாமா, கூடாதா?

குழந்தைகளே! ராத்திரி பேய்ப்படம் பார்த்துவிட்டுப் படுத்தால் என்ன ஆகும்? ஜன்னல் திரை லேசாக ஆடினாலும் நெஞ்சு படபடக்கும். மாடிப்படியில் யாரோ நடப்பது போல இருக்கும். பாத்ரூம் போக வேண்டும் என்று தோன்றும்; ஆனால், போர்வையை விட்டுக் கால் வெளியே வராது!

மறுநாள் பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பாருங்கள். "எனக்கா? பயமா? நான் சிரிச்சுக்கிட்டே பார்த்தேன்" என்று எல்லோரும் மார்தட்டுவார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேர் முந்தின ராத்திரி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கியவர்களாக இருப்பார்கள்!

பேய்ப்படம் நல்லதா, கெட்டதா? சிறுவர்கள் பார்க்கலாமா, கூடாதா? இதைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து இருக்கிறது. வாருங்கள், எல்லோர் கட்சியையும் கேட்டுவிட்டு, அப்புறம் நாம் முடிவு செய்யலாம்.

திண்ணைப் பட்டிமன்றம்

எங்கள் அரியாங்குப்பத்தில் மாலையானால் தெருப் பிள்ளைகள் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். 'சந்திரமுகி' படத்தை டி.வி.யில் போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. பேச்சு அதில்தான் ஆரம்பித்தது.

எட்டாம் வகுப்புப் பையன் முதலில் சொன்னான்: "பேய்ப்படம்னா ஜாலி தாத்தா! எல்லாரும் சேர்ந்து கத்தலாம். வடிவேலு பயப்படறதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிக்கலாம்."

மூன்றாம் வகுப்பு படிக்கும் அவன் தம்பி தலையைக் குனிந்தபடி, "எனக்குப் பிடிக்கலை. அந்த அக்கா கண்ணை உருட்டினது தூங்கறப்பல்லாம் ஞாபகம் வருது" என்றான்.

"பயந்தாங்கொள்ளி!" என்றான் அண்ணன். மற்றவர்களும் சிரித்தார்கள். சின்னவன் முகம் சுருங்கிப் போயிற்று.

ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "பேயே இல்லை, அது ஒரு நோய்னுதானே படத்துல சொல்றாங்க? அப்புறம் எதுக்குப் பயம்?" என்று கேட்டாள்.

தண்ணீர்க் குடத்தோடு வந்த சிறுவர்களின் அம்மா நின்றார். "ஒரு வாரமா இவன் என்னை விட்டு நகர மாட்டேங்கிறான் சார். இந்த மாதிரிப் படத்தையெல்லாம் தடை பண்ணணும்" என்றார்.

வீராம்பட்டினத்திலிருந்து மீன்கூடையோடு வரும் ஆயா கடைசியாக ஒன்று சொன்னார். "சினிமாப் பேய் என்னய்யா பண்ணும்? ரெண்டரை மணி நேரத்துல போயிடும். நிஜம்னு நம்பி ஊருல சிலபேரு ஆட்டம் போடறாங்களே, அதுதான் எனக்குப் பயம்!"

ஐந்து பேர், ஐந்து கருத்து! படம் என்னவோ ஒன்றுதான். எப்படி இத்தனை கருத்து வந்தது?

பயமுறுத்திய படத்துக்குத் தேசிய விருது

முதலில் அந்தப் படத்தின் கதையைப் பார்ப்போம். பி.வாசு இயக்கிய 'சந்திரமுகி' 2005-ம் ஆண்டு ஏப்ரல் 14-ம் தேதி வெளியானது. ரஜினிகாந்த், ஜோதிகா, பிரபு, வடிவேலு நடித்தார்கள். பெரியவர்களும் சிறுவர்களும் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். "லக லக லக" என்று சொல்லாத வகுப்பறையே அப்போது இல்லை!

இந்தக் கதை முதலில் மலையாளத்தில் வந்தது. ஃபாசில் இயக்கிய 'மணிச்சித்ரதாழ்' என்ற படம், 1993-ல் வெளியாயிற்று. அதில் நடித்த ஷோபனா, சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்றார். அந்தப் படத்துக்கு இன்னொரு தேசிய விருதும் கிடைத்தது. என்ன விருது தெரியுமா? ஆரோக்கியமான பொழுதுபோக்கு தரும் ஜனரஞ்சகப் படத்துக்கான விருது!

ஒரு பக்கம் "தடை பண்ணணும்" என்கிறார் அம்மா. இன்னொரு பக்கம், அதே கதைக்கு "ஆரோக்கியமானது" என்று விருது கொடுக்கிறார்கள் தேர்வுக் குழுவினர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது கதையையும் நடிப்பையும். அம்மா பார்த்தது, ராத்திரி தூங்காமல் விழித்திருக்கும் தன் பிள்ளையை!

உடம்புக்குள் ஒரு காவல்காரன்

பயம் என்பது கெட்ட பொருள் அல்ல. நம் மூளைக்குள், பாதாம் பருப்பு வடிவத்தில், 'அமிக்டலா' என்ற சிறு பகுதி இருக்கிறது. அதுதான் நம் காவல்காரன். ஆபத்து என்று அதற்குத் தோன்றினால் போதும், உடனே மணி அடித்துவிடும்.

சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் 'அட்ரினலின்' என்ற நீரைச் சுரக்கும். இதயம் வேகமாகத் துடிக்கும். மூச்சு வாங்கும். கண்ணின் பாவை விரியும். ரோமம் சிலிர்க்கும். ஓடவோ, எதிர்த்து நிற்கவோ உடம்பு தயாராகிவிடும்.

இந்தக் காவல்காரன் ரொம்ப அவசரக்காரன். வந்தது திருடனா, பூனையா என்று விசாரிக்கும் முன்பே மணி அடித்துவிடுவான். "அடே, அது வெறும் சினிமா" என்று மூளையின் சிந்திக்கும் பகுதி பிறகுதான் வந்து சமாதானம் சொல்லும். அப்போது, 'அப்பாடா!' என்று ஒரு நிம்மதி வரும். ராட்டினத்தில் ஏறி இறங்கியதும் வருமே, அதே மாதிரி சந்தோஷம். எட்டாம் வகுப்புப் பையன் 'ஜாலி' என்று சொன்னது இதைத்தான்.

அப்படியானால் சின்னவனுக்கு மட்டும் ஏன் ஜாலியாக இல்லை? அவனுக்கு மணி அடித்துவிட்டது; சமாதானம் சொல்ல வேண்டியவர் இன்னும் வந்து சேரவில்லை! வயது ஏற ஏறத்தான் அந்தச் சமாதானக்காரருக்குப் பலம் வரும்.

குழந்தைகளின் திரைப்பட பயங்களைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியை ஜோன் கேன்டர். சுமார் எட்டு வயது வரை குழந்தைகள் உருவத்தைக் கண்டே அதிகம் பயப்படுகிறார்கள். கோரமான முகம், பெரிய பல், உருட்டும் கண் போதும். அதற்கு மேல் வளர்ந்தவர்கள், 'இது நிஜமாகவே எனக்கு நடக்குமோ?' என்று நினைத்துப் பயப்படுகிறார்கள்.

ஆறுதலும் அப்படித்தான் மாறுகிறது. சின்னப் பிள்ளையிடம் "அது வெறும் மேக்கப்" என்று எத்தனை முறை சொன்னாலும் அவ்வளவாகப் பலிக்காது. கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் படுக்க வைக்க வேண்டும். பெரிய பிள்ளைக்கு விளக்கிச் சொன்னால் புரிந்துவிடும். ஆகவே, பயந்த தம்பி கோழை அல்ல. அவன் தன் வயதுக்கு ஏற்றபடி இருக்கிறான், அவ்வளவுதான்!

சான்றிதழைக் கவனித்தீர்களா?

தியேட்டரில் படம் தொடங்கும் முன் திரையில் ஒரு சான்றிதழ் வரும், பார்த்திருக்கிறீர்களா? பாப்கார்ன் பொட்டலத்தைப் பிரிக்கும் மும்முரத்தில் பலர் அதைக் கவனிப்பதே இல்லை!

1952-ம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி, மத்திய திரைப்படச் சான்றிதழ் வாரியம் இதை வழங்குகிறது. 'யு' என்றால் எல்லோரும் பார்க்கலாம். 'ஏ' என்றால் 18 வயது நிரம்பியவர்கள் மட்டும். நடுவில் 'யு/ஏ' என்ற பிரிவு 1983-ல் வந்தது. அதாவது, சிறுவர்கள் பார்க்கலாமா என்பதைப் பெற்றோர் யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

2023-ம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, இந்த நடுப் பிரிவை மூன்றாக்கினார்கள். 7 வயதுக்கு மேல், 13 வயதுக்கு மேல், 16 வயதுக்கு மேல் என்று இப்போது தனித்தனியாகக் குறிக்கிறார்கள். இணையத்தில் வரும் படங்களுக்கும் தொடர்களுக்கும் இதே போன்ற வயதுக் குறியீடு வேண்டும் என்று 2021-லேயே விதி வந்துவிட்டது.

மற்ற நாடுகளிலும் இப்படி உண்டு. பிரிட்டனில் 1932-ம் ஆண்டிலேயே பயங்கரப் படங்களுக்கென்று 'எச்' என்ற தனி எழுத்தைக் கொடுத்தார்கள். 

ஆக, 8 வயதும் 13 வயதும் ஒன்றல்ல என்று சட்டமே சொல்கிறது. ஒரே வீட்டில் அண்ணன் பார்க்கக்கூடிய படம், தம்பிக்கு ஆகாததாக இருக்கலாம். மிளகாய் பஜ்ஜி எல்லோர் வாய்க்கும் ஒத்துக்கொள்ளுமா, என்ன?

தொல்காப்பியர் சொன்ன நான்கு பயங்கள்

"பேய்க்கதை எல்லாம் சினிமாக்காரர்கள் கொண்டு வந்தது" என்று சிலர் சொல்வார்கள். இல்லவே இல்லை!

மனத்தில் தோன்றி உடம்பில் தெரியும் எட்டு உணர்ச்சிகளைத் தொல்காப்பியம் 'மெய்ப்பாடு' என்று சொல்கிறது. சிரிப்பு, அழுகை ஆகியவற்றோடு அச்சமும் அதில் ஒன்று. அச்சம் நான்கு காரணங்களால் வரும் என்கிறார் தொல்காப்பியர். அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகியவையே அவை. அணங்கு என்றால் வருத்தும் தெய்வம், பேய் போன்றவை. இறை என்றால் அரசன், தலைவன் போன்ற பெரியவர்கள். இன்றைய பயப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பேய், மிருகம், கொள்ளைக்காரன், கொடுமைக்கார அதிகாரி என்று பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றில் வந்து நிற்கும்!

பேயைப் பார்த்துச் சிரிப்பதும் நமக்குப் புதிதல்ல. செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில் பேய்கள் பசி தாங்காமல் காளியிடம் முறையிடுகின்றன. போர் முடிந்ததும் யானைத் தந்தத்தால் பல் விளக்குகின்றன, கூழ் காய்ச்சுகின்றன, உட்கார்ந்து குடிக்கின்றன. ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன்பே பேய்க் காமெடி! ராகவா லாரன்ஸ் இயக்கி நடித்த 'காஞ்சனா' 2011-ல் வந்தபோது ஜனங்கள் கத்திக்கொண்டே சிரித்தார்களே, அதற்கு அண்ணன் இது.

நம் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்காலில் ஒரு 'பேய்'க்குக் கோயிலே இருக்கிறது! அவர்தான் காரைக்கால் அம்மையார். அழகிய உருவத்தை உதறிவிட்டுப் பேய் வடிவம் வேண்டிப் பெற்றவர் என்று பெரியபுராணம் சொல்கிறது. தன்னைக் 'காரைக்கால் பேய்' என்றே பாடல்களில் சொல்லிக்கொண்டார். அவருக்காக ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா நடக்கிறது. மாம்பழம் வாங்கப் போகும் யாராவது அந்தப் பேயைக் கண்டு பயப்படுகிறார்களா?

வெளிநாட்டிலும் சினிமா பிறந்த மறு வருடமே பேய் வந்துவிட்டது. லூமியே சகோதரர்கள் 1895-ல் பாரிஸில் கட்டணம் வாங்கிப் படம் காட்டினார்கள். 1896-ல் ஜார்ஜ் மெலியே என்ற பிரெஞ்சுக்காரர் சுமார் மூன்று நிமிடப் படம் ஒன்றை எடுத்தார். வௌவால் ஒன்று பறந்து வந்து சாத்தானாக மாறும். எலும்புக்கூடு தோன்றி மறையும். உலகின் முதல் பேய்ப்படம் என்று பலரும் சொல்வது இதைத்தான். மெலியே, மேடையில் மாயாஜாலம் செய்து காட்டியவர். திகைக்க வைத்துச் சிரிக்க வைப்பதே அவர் தொழில்!

பயம் தயாராகும் சமையலறை

இப்போது உங்களைப் பேய்ப்படத்தின் சமையலறைக்கு அழைத்துப் போகிறேன். அங்கே என்னென்ன சாமான்கள் இருக்கின்றன?

முதல் சாமான், சத்தம். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கி 1960-ல் வந்த 'சைக்கோ' படம் உலகத்தையே நடுங்க வைத்தது. அதில் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று நினைத்தார் ஹிட்ச்காக். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன், வயலின்களைக் கீச்சிடும்படி வாசிக்க வைத்து ஓர் இசையைப் போட்டுக் காட்டினார். கேட்டதும் ஹிட்ச்காக் மனம் மாறிவிட்டார். இன்று அந்தக் காட்சி என்றாலே அந்தக் கீச்சொலிதான் நினைவுக்கு வரும். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் ரத்தமாக ஓடியது எது தெரியுமா? சாக்லேட் பாகு! 

எலும்பு முறியும் ஓசைக்குக் காய்கறித் தண்டை ஒடிப்பார்கள். மெல்லிய தகரத் தகட்டை ஆட்டினால் இடி ஓசை கேட்கும்.

இரண்டாம் சாமான், மௌனம். சத்தமே இல்லாமல் சில விநாடிகள் ஓடும். நாம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்போம். அப்போது 'டமார்!' என்று கதவு அடிக்கும். நாம் துள்ளுவோம். பூனை குதித்து ஓடும்!

மூன்றாம் சாமான், இருட்டு. பேயை முழுதாகக் காட்டினால் பயம் குறைந்துவிடும். பாதியைக் காட்டிவிட்டு மீதியை நம் கற்பனைக்கு விட்டுவிடுவார்கள். 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்ற பழமொழி, சினிமா எடுப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு சோதனை செய்து பார்க்கிறீர்களா? பகல் வேளையில், பெரியவர்களோடு உட்கார்ந்து, உங்கள் வயதுக்கு ஏற்ற ஒரு பயக் காட்சியை டி.வி.யில் சத்தமே இல்லாமல் பாருங்கள். வெள்ளைப் புடவை கட்டிய ஒருவர் மெதுவாக நடந்து போவது மட்டும்தான் தெரியும். 'பாவம், கொலுசு போட்டுக்கொண்டு எங்கே போகிறாரோ!' என்று தோன்றும்.

ஆயா சொன்னது என்ன?

மீன்கூடை ஆயா சொன்னதை மறந்துவிடாதீர்கள். அதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

படம் திரையோடு முடிய வேண்டும். அது வெளியே வந்து, நம் நம்பிக்கையில் குடியேறினால்தான் ஆபத்து. 

எங்கள் ஊர் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. அங்கே மரங்களுக்கு நடுவில் பழைய செங்கல் சுவர்கள் பாழடைந்து நிற்கின்றன. பார்த்தால், பேய்ப்படத்துக்குப் போட்ட செட் மாதிரியே இருக்கும். உண்மையில், 18-ம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் கட்டிய கட்டடத்தின் மிச்சம் அது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் என்ற தொல்லியல் அறிஞர் அரிக்கமேட்டில் தோண்டியபோது, ரோமாபுரியோடு வணிகம் நடந்ததைக் காட்டும் பானை ஓடுகள் கிடைத்தன. 'பேய்' என்று பயந்து எல்லோரும் ஓடியிருந்தால், இரண்டாயிரம் ஆண்டு வரலாறு மண்ணுக்குள்ளேயே தூங்கியிருக்கும்!

இன்னொன்று, மனிதர்கள் சம்பந்தப்பட்டது. யாராவது தனக்குத் தானே பேசினாலோ, திடீரென்று சத்தம் போட்டாலோ, 'பேய் பிடித்துவிட்டது' என்று வேப்பிலை அடிக்கவும், கட்டி வைக்கவும் கிளம்பிவிடுகிறார்கள் சிலர். அது பேய் அல்ல, நோய். காய்ச்சலுக்கு மருத்துவர் இருப்பது போல மனத்துக்கும் மருத்துவர் இருக்கிறார். நம் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. 'சந்திரமுகி'யிலும் ரஜினிகாந்த் மனநல மருத்துவராகத்தான் வருகிறார். ஆனால், நிஜ வாழ்வில் சிகிச்சை சினிமா மாதிரி ஒரே ராத்திரியில் முடியாது, பொறுமை வேண்டும். அப்படிப்பட்டவர்களைப் பார்த்து "லக லக லக" என்று கேலி செய்வது, பேயைவிடக் கொடுமை!

1908 முதல் 1918 வரை நம் புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார், இல்லாத பேயை எண்ணி நடுங்குகிறவர்களைக் கண்டு மனம் பொறுக்காமல் பாடியவர். அவர் விரும்பியது, பயத்தைக் கேள்வி கேட்கும் பிள்ளைகளை.

நீங்களே நீதிபதி!

பேய்ப்படம் எல்லாமே கெட்டது என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் பாருங்கள் என்றும் சொல்ல மாட்டேன். பார்ப்பதற்கு முன் இவற்றை மட்டும் மனத்தில் வையுங்கள்.

* சான்றிதழில் உள்ள வயதைப் பாருங்கள். அப்பா, அம்மாவைக் கேட்டுவிட்டு, அவர்களோடு சேர்ந்து பாருங்கள்.

* தூங்கப் போகும் நேரத்தில் வேண்டாம். கைப்பேசியை வைத்துக்கொண்டு போர்வைக்குள் தனியாகப் பார்ப்பது வேண்டவே வேண்டாம்.

* பிடிக்கவில்லையா? பாதியில் எழுந்து வந்துவிடுங்கள். "எனக்கு வேண்டாம்" என்று நாலு பேர் முன்னால் சொல்வதற்குத்தான் நிஜமான தைரியம் வேண்டும்.

* பயம் வந்தால் மறைக்காதீர்கள். பெரியவர்களிடம் சொல்லுங்கள். சொன்னால் பாதி பயம் போய்விடும். நாள் கணக்கில் தூக்கம் வராவிட்டால் கட்டாயம் சொல்லுங்கள்.

* பயந்தவரைக் கேலி செய்யாதீர்கள். தம்பி, தங்கையைப் பயமுறுத்துவதற்காகவே படம் போட்டுக் காட்டாதீர்கள். இருட்டில் ஒளிந்திருந்து 'பே!' என்று கத்தாதீர்கள்.

அந்தப் பட்டிமன்றத்துக்கு நான் சொன்ன தீர்ப்பும் இதுதான். 'பயந்தாங்கொள்ளி' என்று சொன்ன அண்ணனுக்கு ஒரு தண்டனையும் கொடுத்தேன். ஒரு வாரம், ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, தம்பி தூங்கும்வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு படுக்க வேண்டும்!

உங்கள் வீட்டில் யாராவது இருட்டைக் கண்டு பயப்படுகிறார்களா? நீங்களும் இன்று ராத்திரி அவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

- ஓய்வு பெற்ற ஆசிரியர், அரியாங்குப்பம்